தமிழ் பேசுற வீட்டுப் பிள்ளைக்கு கான்டனீஸ் டோன் பிடிபடுமா?

கேள்வி: ஹாங்காங் துங் சுங்ல இருக்கோம், வீட்ல தமிழ் மட்டும்தான். பையனுக்கு 4 வயசு, போன வருஷம் லோக்கல் கிண்டர்கார்டன்ல சேர்த்தோம். மிட்டாய் படத்தைக் காட்டச் சொன்னா சூப்பைக் காட்டுறான், டோன் புரியலன்னு டீச்சர் சொல்றாங்க. வீட்டு மொழி தமிழா இருக்கிறதால இப்படியா? நாங்களும் இந்த ஊர் மொழியான கான்டனீஸ் பேசணுமா? கார்ட்டூன் போட்டு விட்டா பழகிடுவானா?

பதில்: டீச்சர் வச்ச அந்தப் பரீட்சையை முதல்ல பாருங்க. சூப், மிட்டாய் ரெண்டுமே கான்டனீஸ்ல 'டோங்'தான், குரலை உசரத்துல ஒரே மட்டமா வச்சா சூப், கீழருந்து மேல ஏத்தினா மிட்டாய். இப்படி அர்த்தத்தையே மாத்துற குரல் போக்குக்குப் பேர்தான் டோன். சாப்பிடும்போது கிண்ணத்தை நீட்டி டோங் குடின்னு சொன்னா டோன் பிடிபடாத பிள்ளையும் சரியா வாங்கிக்கும், ஆனா ரெண்டு படத்தை வச்சுட்டு ஒத்த வார்த்தையைச் சொன்னா பிடிச்சுக்க வேற துப்பே இல்ல, குரல் போற போக்கை மட்டும் வச்சு முடிவு பண்ணணும்.

உங்க பையனுக்கு குரல் ஏத்த இறக்கம் கேக்காம இல்ல, நல்லாவே கேக்கும். "அப்பா வந்தாச்சு"ன்னு இறக்கிச் சொன்னா தகவல், ஏத்திச் சொன்னா கேள்வின்னு அவனுக்குத் தெரியும்ல? தமிழ்ல குரல் ஏறுறது கேள்வி, கோவம், கொஞ்சல் மாதிரி விஷயத்துக்கு, வார்த்தையோட அர்த்தம் அதனால மாறாது. அதனால டீச்சர் மிட்டாய்னு ஏத்திச் சொல்றப்ப அவன் "சூப்பா?"ன்னு கேக்குறாங்கன்னு நினைச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. காது சரியா வேலை செய்யுது, கேட்டதை எந்தக் கணக்குல எழுதணும்ங்கிறதுதான் இன்னும் பழகல.

கான்டனீஸ் வீட்டுக் குழந்தைங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப சீக்கிரம் தொடங்கிடுது. 2006ல மாட்டாக், பர்ன்ஹாம் செஞ்ச ஆய்வுல இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைங்களுக்கு 6 மாசத்துல இருந்த டோன் பிரிக்கிற திறன் 9 மாசத்துல குறைஞ்சிருந்துச்சு, சீன மொழி கேட்டு வளர்ற குழந்தைங்களுக்கு குறையல. 2013ல வந்த இன்னொரு ஆய்வுல 4 மாசத்துலயே கான்டனீஸ் குழந்தைங்க டோனைக் கேக்குற விதம் இங்கிலீஷ் குழந்தைங்கள விட வேறயா இருந்துச்சு. உடனே வண்டி போயிடுச்சுன்னு பதறாதீங்க, சியோக்காவும் லூயியும் 2003ல ஹாங்காங்ல 4, 6, 10 வயசுப் பிள்ளைங்களை சோதிச்சப்ப டோன் பிரிக்கிறது வயசு ஏற ஏறத்தான் தேறுச்சு, பெரியவங்க அளவுக்கு வந்தது 10 வயசுக்காரங்கதான். கான்டனீஸ்லயே பிறந்து வளர்ற பிள்ளைக்கே 4 வயசுல முடியாத பாடம், உங்க பையன் கேக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது.

ஏன் இவ்ளோ நாள்னா, மொத்தம் ஆறு டோன்ல மூணு சமமட்டம், உசரம், நடு, தாழ்வு. ஆனா எது உசரம்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், ஒரு அம்மாவோட தாழ்ந்த டோன் அப்பாவோட உசந்த டோனை விட மேலயே இருக்கலாம். சுருதிப் பெட்டியை எந்தக் கட்டைக்கு மாத்தினாலும் ஸ-வுக்கும் ப-வுக்கும் நடுவுல உள்ள தூரம் மாறாதுல்ல, அந்த மாதிரி பேசுறவங்க குரலை வச்சு தூரத்தை அளக்கணும். ஏறுற டோன் ரெண்டு இருக்கு, 2வதும் 5வதும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல கிளம்பும், 2 உச்சிக்குப் போகும், 5 பாதியில நின்னுடும், இதை ஹாங்காங்ல சில இளவட்டங்களே இப்ப பிரிக்கிறதில்ல. 'மாய்'னா வாங்குறது, விக்கிறது ரெண்டும்தான், டோன் 5க்கும், தாழ்ந்த சமமட்டமான 6க்கும் உள்ள வித்தியாசம், இதுல தடுமாறாத புதுசுக்காரங்க குறைவு. சூப்-மிட்டாய் ஜோடி அந்த அளவுக்கு மோசமில்ல, அதனால அங்கருந்தே தொடங்குங்க.

வீட்ல தமிழை விடாதீங்க. உங்க டோனே ஆட்டம் காணும்போது அதைப் பாடமா வைக்கிறதுல அர்த்தமில்ல, சும்மா ரெண்டு வார்த்தை பேசினா தப்பும் இல்ல. கார்ட்டூனை நான் பெருசா நம்ப மாட்டேன், 2003ல சியாட்டில்ல 9 மாச அமெரிக்கக் குழந்தைங்களோட மாண்டரின் பேசுறவங்க நேர்ல விளையாடினப்ப அந்த மொழியோட ஒலி பதிஞ்சுது, அதையே வீடியோவுல காட்டினப்ப பதியல. அங்க சோதிச்சது டோன் இல்ல, வயசும் சின்னது, இருந்தாலும் பக்கத்து வீட்டு போபோ (பாட்டி) கூட அரை மணி நேரம் விளையாட விடுறது டேப்லெட்டை விட எவ்ளோ மேல். டீச்சர்கிட்ட 3, 9, 4, 0, 5, 2ங்கிற எண்களை வாய்ஸ் மெசேஜ்ல சொல்லச் சொல்லுங்க, கான்டனீஸ்ல அது வரிசையா ஆறு டோனும் வர்ற மாதிரி அமைஞ்சிருக்கு, பையனை விட முதல்ல உங்களுக்கு உதவும். படம் காட்டுற விளையாட்டுலயும் ஒத்த வார்த்தைக்குப் பதிலா முழு வாக்கியமா சொல்லச் சொல்லுங்க, அப்பதான் டீச்சர் குரலோட மேல் கீழ் அவனுக்குப் பிடிபடும். தப்பு தப்புன்னு நிறுத்தாம சரியான டோன்ல திருப்பிச் சொன்னா போதும்.

தமிழ்லயும் பேச்சு பின்தங்கியிருந்தா, கூப்பிட்டா திரும்பலன்னா, அடிக்கடி சளி பிடிச்சு காதுவலி வந்தா அது டோன் பிரச்சினையா இல்லாம இருக்கலாம், காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டாலும் இப்படி ஆகும். அப்படி இருந்தா தாய்சேய் நல மையத்துல காட்டி கேக்கும் திறன் டெஸ்ட் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, அங்க பிறந்ததுல இருந்து 5 வயசு வரைக்கும்தான் பாப்பாங்க, அதனால தள்ளிப்போட வேண்டாம்.