சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நிற்கும் மகள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மின்னணுவியல் கடைசி வருடம். கோடிங் பிடிக்கவில்லை. "கடன் வாங்கியாவது வெளிநாட்டில் ஏஐ முதுகலையில் சேர்த்துவிடு" என்று பெரியப்பா நெருக்குகிறார். பயப்படாதீர்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் கடனுக்குப் பயப்படத்தான் வேண்டும். அதைக் கட்டப்போவது பெரியப்பா அல்ல.

டிரான்சிஸ்டர் படத்தை மணிக்கணக்கில் பார்ப்பாள், பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நிற்பாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு குணத்துக்கும் சம்பளம் தரும் வேலை ஒன்று உண்டு: காப்புரிமைப் பணி, அதாவது கண்டுபிடிப்புக்கான உரிமையை (பேட்டன்ட்) கண்டுபிடித்தவருக்கு வாங்கித் தரும் வேலை.

ஒரு சிப் வடிவமைப்புக்கு உரிமை கேட்டால், அது புதியதல்ல என்று காப்புரிமை அலுவலகம் சில சமயம் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி நிராகரிக்கும். மேல்முறையீட்டில், விண்ணப்பத்தில் கோரிய அம்சங்கள் எல்லாமே அந்த ஒரே ஆவணத்தில், நேரடியாகவோ உள்ளடங்கியோ, இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒன்று இல்லையென்றாலும் அந்த வாதம் விழுந்துவிடும். (இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்து 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்பது வேறு வாதம்.) எந்த அடுக்கு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று படம் பார்த்துச் சொல்லத் தெரியாதவர் இங்கே வாயே திறக்க முடியாது.

சொல்லின் கனத்துக்கு ஓர் உதாரணம். ஒருங்கிணைந்த சுற்று, அதாவது சிப், யாருடையது என்று அமெரிக்காவில் கில்பி, நாய்ஸ் என்ற இரண்டு கண்டுபிடிப்பாளர்களுக்கு இடையே வழக்கு. ஆக்சைடின் மேல் தங்கத்தை 'இடலாம்' என்று கில்பியின் விண்ணப்பம் சொன்னது. நாய்ஸின் கோரிக்கையில் இருந்ததுபோல் 'ஒட்டியிருக்கும்' என்று சொல்லவில்லை. 1967-ல் காப்புரிமை வாரியம் கில்பி பக்கம் நின்றது. 1969-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி நாய்ஸுக்குத் தீர்ப்பளித்தது. உங்கள் மகள் இதைக் கேட்டால் அன்று இரவு தூங்கமாட்டாள் என்று நினைக்கிறேன்!

இந்தியா, அமெரிக்கா இரண்டிலும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு தேர்வு எழுதிக் காப்புரிமை முகவர் ஆகலாம். சட்டப் பட்டம் கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் வாதாட மட்டும் அது வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் சில வருடங்கள் பழைய ஆவணங்களைத் துழாவுவதிலேயே போகும். சலிப்பான வேலை, மறைக்கவில்லை.

சரி, இந்த வாரம் அவளிடம் ஏதாவது ஒரு சிப் காப்புரிமையைக் கொடுங்கள். காப்புரிமைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதன் முதல் கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாக்கியம்) அம்சம் அம்சமாகப் பிரித்து, படத்தில் ஒவ்வொன்றும் எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். பாதியில் வைத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிப்போம். அதுவரை கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.