நாமக்கோழி கோழி இல்லையா?

அன்புள்ள ஐயா,

போன கட்டுரையில், வாத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் கோழிதான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் வாத்து முட்டையைக் கோழியிடம் அடை வைப்போம். குஞ்சுகள் குளத்தில் இறங்கியதும் தாய்க்கோழி கரையில் நின்று தவிக்கும். அது எப்படிச் சொந்தமாகும்? வாத்தோடு நீந்தும் நாமக்கோழி, முக்குளிப்பான் என்று சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விளக்காமல் தாண்டிப்போனது என் பிழை.

நாமக்கோழிக்குப் பெயரில்தான் கோழி. சாரஸ் பெருங்கொக்கு இருக்கும் வரிசை (பல பறவைக் குடும்பங்கள் சேர்ந்த பெரும் பிரிவு) அது. கால்களைப் பாருங்கள்: வாத்துக்கு முன்விரல்களை இணைக்கும் சவ்வு உண்டு, நாமக்கோழிக்கு விரலுக்கு விரல் தனித்தனி மடல். முக்குளிப்பானுக்கும் மடல்தான், ஆனால் மரபணுப்படி அதற்கு நெருக்கம் பூநாரை! தண்ணீரில் பிழைக்க வந்தால் உடம்பு அதற்கேற்ப மாறிவிடும், அதை வைத்து வம்சம் பார்க்க முடியாது.

பறவைகளின் வம்ச மரத்தில் முதலில் தனியே பிரிவது நெருப்புக்கோழி, ஈமு கூட்டம். (அதுவும் பெயரளவில்தான் கோழி. வான்கோழி அசல்.) மிச்சமுள்ளவை இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பக்கம் கோழியும் வாத்தும், மறுபக்கம் காகம், கழுகு, புறா, நாமக்கோழி என்று மற்ற எல்லாம். மரபணு மட்டும் சொல்வதல்ல இது. கோழி, வாத்து இரண்டுக்குமே கீழ்த்தாடை எலும்பு மூட்டைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். அடுத்த முறை குழம்பு வைக்கும்போது தலையைத் தூக்கிப் போடாதீர்கள்.

தென் அமெரிக்காவில் ஸ்க்ரீமர் என்றொரு பறவை, மூன்று இனங்கள். அலகு கோழியுடையது போல, விரலிடையில் சவ்வு பேருக்குத்தான், இறக்கையில் கூரான முட்கள். கோழிகளுக்குக் காவலாகவே அங்கே வளர்ப்பதுண்டு. ஆனால் அது வாத்து வரிசை. எனக்கு இந்த உறவு புரிந்ததே அதன் படத்தைப் பார்த்த பிறகுதான்.

பெல்ஜியத்தில் கிடைத்த ஒரு பறவைப் புதைபடிவத்தைப் பற்றி 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்ததற்குச் சில லட்சம் ஆண்டுகள் முந்தியது. மண்டையோட்டின் முன்பக்கம் கோழிச் சாயல், பின்பக்கம் வாத்துச் சாயல். ஆஸ்டெரியோர்னிஸ் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கக் கதையில் காடையாக மாறிய ஆஸ்டெரியாவின் நினைவாக.

காடை கோழி வரிசைதான், ஆனால் குறுங்காடை இல்லை. அது கடற்காகங்களோடு சேர்த்தி. சரி, அதற்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.