அடைக்கு உட்காராத சிவப்புக் கோழி என்ன இனம்?

வழி தவறி வந்த கோழி, செம்பழுப்பு இறகு, மஞ்சள் கால், தினம் ஒரு பழுப்பு முட்டை, மூன்று மாதமாக அடைக்கே (முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்க) உட்காரவில்லை. நாட்டுக்கோழிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். நாட்டுக்கோழியில் எல்லா நிறமும் உண்டு. கொண்டையைப் பாருங்கள். தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை, நெடுங்கால், நிமிர்ந்த கழுத்து என்றால் சண்டைக்கோழி இனமான அசில் ரத்தம். நாக்குகூடக் கருப்பு என்றால் கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி. (அது கருப்பு முட்டை இடும் என்பதெல்லாம் கதை.)

உங்கள் கோழியைக் காட்டிக்கொடுப்பது அடைதான். நம்மூர்ச் சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் கூடையில் உட்கார்ந்துவிடும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். மூன்று மாதம் ஓயாமல் இடுகிறது என்றால் முட்டைக்கென்றே உருவாக்கிய ரகம். பல் பல்லாக நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையும் வாலில் கருப்பும் இருந்தால் ரோட் ஐலண்ட் ரெட் என்ற அமெரிக்க இனம் அல்லது அதன் கலப்பு என்பேன். வாலில் வெள்ளை தெரிந்தால் பண்ணையின் பழுப்பு முட்டைக் கலப்பினமாக இருக்கலாம். அப்புறம், அலகு நுனி மழுங்கியிருக்கிறதா பாருங்கள். பண்ணைகளில் குஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள்.