கேள்வி-பதில்: மணலில் டாங்கி, தகரத்தில் பெட்ரோல்

கேள்வி: பாலைவனப் போர் என்றால் இரண்டு பக்க டாங்கிகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதுதானே? இரண்டாம் உலகப்போரில், வட ஆப்பிரிக்காவில், ஆங்கிலேயர்கள் ஏன் ஜெர்மானியத் தளபதி ரோமெலிடம் அத்தனை முறை அடி வாங்கினார்கள்?

பதில்: நீங்கள் நினைப்பதுபோல் நினைத்துத்தான் அவர்களும் அடி வாங்கினார்கள்! ஆங்கிலேய டாங்கிப் படைகளில் பல, சில வருடங்கள் முன்புவரை குதிரைப்படைகள். குதிரை போய் டாங்கி வந்ததே தவிர, எதிரியைக் கண்டால் பாய்ந்து துரத்தும் பழக்கம் போகவில்லை. ஜெர்மானியர்கள் நாலு டாங்கியைக் காட்டுவார்கள், கொஞ்சம் சுடுவார்கள், பயந்தவர்கள்போல் பின்வாங்குவார்கள். இவர்கள் புழுதி பறக்கத் துரத்திக்கொண்டு போனால் அங்கே மணலைத் தோண்டி மறைத்து வைத்த பீரங்கிகள் காத்திருக்கும். 1941 ஜூனில் எகிப்து-லிபியா எல்லையை ஒட்டிய ஹல்ஃபாயா கணவாயில் காத்திருந்தது 88 மி.மீ. பீரங்கி. விமானத்தைச் சுடுவதற்கென்று செய்தது, குழாயைத் தாழ்த்தி டாங்கியைச் சுட்டார்கள். அதுவரை எதற்கும் அசையாத மட்டில்டா டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கேயே நின்றுபோயின.

சரி, திருப்பிச் சுட வேண்டியதுதானே என்பீர்கள். அன்றைக்குப் பெரும்பாலான ஆங்கிலேய டாங்கிகளில் இருந்தது 'இரண்டு பவுண்டர்' பீரங்கி. அதற்குக் கொடுத்த குண்டு வெறும் எஃகுக் கட்டி, வெடிக்காது. டாங்கியைத் துளைக்கும். ஆனால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பதுங்கியிருக்கும் பீரங்கியையும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களையும் என்ன செய்யும்? நேராகப் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் மணலில் ஒரு துளை, அவ்வளவுதான். 1942 மே மாதம் லிபியாவின் கஸாலாவில் அமெரிக்க கிராண்ட் டாங்கி, வெடிக்கும் குண்டும் சுடக்கூடிய 75 மி.மீ. பீரங்கியோடு வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. அப்படியும் கஸாலாவில் தோற்றார்கள். காலாட்படை, முள்கம்பியும் கண்ணிவெடியும் சூழ்ந்த 'பெட்டி'களுக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்க, டாங்கிகள் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்?

அப்புறம் ஆங்கிலேயப் படைக்குப் புதுத் தளபதியாக மான்ட்கோமரி வந்தார். அந்த ஆகஸ்ட் கடைசியில் எகிப்தின் அலம் ஹல்ஃபா மேட்டில் டாங்கிகளையும் பீரங்கிகளையும் குழிக்குள் இறக்கி வைத்து, எதிரி பின்வாங்கினாலும் டாங்கிகளைத் துரத்த அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார். ரோமெல் வந்தார், மோதிப் பார்த்தார், பெட்ரோலும் குறைந்துபோகத் திரும்பிவிட்டார். அவருடைய வித்தை அவருக்கே! என்னைக் கேட்டால், இரண்டு மாதம் கழித்து நடந்த எல் அலமைன் வெற்றியைவிட இந்தச் சண்டையில்தான் ஆங்கிலேயர் பாடம் கற்றது தெரிகிறது.

கேள்வி: 'ஜெர்ரி கேன்' என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஜெர்மானியர்களை 'ஜெர்ரி' என்பார்கள். ஜெர்ரியின் கேன், அதனால் ஜெர்ரி கேன். ஆங்கிலேயர்கள் பெட்ரோல் கொண்டுபோனது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் மெல்லிய தகர டின்களில். லாரி குலுங்கக் குலுங்க தையல் விட்டு ஒழுகும், பாதி வழியிலேயே லாரித் தளமெல்லாம் பெட்ரோல். ஜெர்மானியர்களுடைய 20 லிட்டர் கேனில் நெம்பி மூடும் மூடி, உள்ளே காற்றுக்குக் கொஞ்சம் இடம், மேலே மூன்று கைப்பிடி (காலி கேன் என்றால் ஒரே ஆள் கைக்கு இரண்டாகத் தூக்கலாம்). கைப்பற்றியதை விடாமல் வைத்துக்கொண்டவர்கள், பிறகு அதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். பழைய டின் வீணாகவில்லை. பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தால் டீ போட அடுப்பு!

கேள்வி: பாலைவனத்தில் டாங்கி இல்லாத படை டாங்கிப் படையை ஜெயித்திருக்கிறதா?

பதில்: 1987-இல் சாட் நாட்டின் வடக்கில். அங்கே புகுந்திருந்த லிபியாவிடம் டி-55 டாங்கிகள், விமானங்கள், எல்லாம் இருந்தன. சாட் படையினர் டொயோட்டா பிக்கப் வண்டிகளில் டாங்கியைத் துளைக்கும் மிலான் ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு பல பக்கமிருந்து வேகமாக வந்து அடித்தார்கள். ஜனவரியில் ஃபடா, மார்ச்சில் வாடி தூம் விமானத்தளம் என்று இரண்டும் லிபியாவின் கைவிட்டுப் போயின. வண்டியின் வேகத்தை மட்டும் பேசுகிறார்கள், காரணம் அது மட்டுமல்ல. லிபியாவுக்கு முன்னால் போய் வேவு பார்த்து, காலாட்படையாகவும் நின்ற சாட் கிளர்ச்சியாளர்கள் அதற்குச் சில மாதம் முன்புதான் சாட் அரசின் பக்கம் மாறியிருந்தார்கள். கூட வர ஆள் இல்லாமல் டாங்கிகள் மட்டும் முகாமில் காத்திருந்தன.