நாய்க்கு இரத்தம் ஏற்றுவது: வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்

உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து கிடந்த எங்கள் நாய்க்கு, வகை பார்க்காமலேயே பக்கத்து வீட்டு நாயின் இரத்தத்தை ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அது சரியா? (மாங்குளம்)

அவசரத்தில் செய்தது பிழையல்ல. நமக்குள்ள ஏ, பி, ஓ வகைகள் நாய்க்கு இல்லை. அதன் வகைகள் வேறு. அவற்றில் வைத்தியர்கள் அஞ்சுவது 'டிஈஏ 1' என்ற வகைக்குத்தான். அந்த வகை இல்லாத நாயின் உடலில் அதற்கு எதிரான பொருள் பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் முதல் தடவை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஏற்றிய சில நாட்களில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும். அடுத்த முறை அதே வகை உள்ளே போனால் செவ்வணுக்கள் உடைந்து, காய்ச்சல், வாந்தி, கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று நாய் தத்தளிக்கும்.

ஆகவே தடுப்பூசி அட்டையில் இன்றே எழுதுங்கள்: எந்தத் திகதி, எந்த நாயின் இரத்தம். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு வருடம் கழித்து வேறொரு வைத்தியர் கேட்கும்போது வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

பொருத்தம் பார்க்க ஆய்வுகூடம் வேண்டுமா? (ஒட்டுசுட்டான்)

இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நோயாளி நாயின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த மஞ்சள் நீரில் ஒரு துளியையும், கொடுக்கும் நாயின் செவ்வணுத் துளியையும் கண்ணாடித் தகட்டில் கலந்து சாய்த்துப் பார்ப்போம். சீராக ஓடினால் மேலே போகலாம். திரைந்த பால் போலச் சிறு திட்டுகளாகக் கட்டினால் அந்த நாய் வேண்டாம். இது முழுமையான சோதனை அல்ல. ஒன்றும் பாராமல் ஏற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

வயலைக் காக்கும் எங்கள் நாய் 18 கிலோ. இரத்தம் கொடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம். ஒரு பை 450 மில்லிலீட்டர். அதற்கு 25 கிலோவாவது இருக்க வேண்டும். வயது 1 முதல் 8 வரை, தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தான் ஒருபோதும் இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. வன்னியில் எடையைவிடப் பெரிய தடை உண்ணி. துள்ளி ஓடும் நாயின் இரத்தத்திலும், உண்ணி பரப்பும் பபேசியா என்ற கிருமி ஒளிந்திருக்கலாம். சோதிக்காமல் ஏற்றினால் நோயையும் சேர்த்தே ஏற்றுகிறோம்.

கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் ஏற்றினால் போதுமா? (கிளிநொச்சி)

போதாது. விஷம் இரத்தம் உறையும் தன்மையையே கெடுக்கிறது. முதலில் விஷமுறி மருந்து. இரத்தம் இழப்பை ஈடுசெய்ய மட்டுமே.

ஏற்றும்போது வீட்டார் கவனிக்க வேண்டியது? (வவுனியா)

முதல் அரை மணி நேரம் மிக மெதுவாகத்தான் விடுவோம். அப்போது பக்கத்திலேயே இருங்கள். முகம் வீங்குகிறதா, தடிப்பு எழுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் கூப்பிடுங்கள், நிறுத்திவிடுவோம். பை 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்க்கப் பழகுங்கள்: வெளிறிய ஈறு மெல்ல இளஞ்சிவப்பாவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

பூனை வளர்ப்பவர்கள் இதையெல்லாம் பூனைக்குப் பொருத்தாதீர்கள். பூனைக்கு எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கிறது. வகை மாறினால் முதல் தடவையே உயிர் போகலாம்.