கேள்வி பதில்: டூரிங் டாக்கீஸ் காலம்

சிறு வயதில் சினிமாவுக்குப் போன நினைவுகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டூரிங் டாக்கீஸ் எனும் கீற்றுக் கொட்டகையைப் பற்றியே இருந்ததால் இந்த முறை அதற்கே இடம் ஒதுக்கிவிட்டேன்.

டூரிங் டாக்கீஸில் ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை விடுவார்கள் என்று அப்பா சொல்கிறார். உண்மையா? முறுக்கு விற்பதற்காகவா?
வாசகர், கோவில்பட்டி

உண்மைதான். முறுக்கும் நன்றாகவே விற்றது, ஆனால் இடைவேளைக்குக் காரணம் மிஷின். டவுன் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், அதைப் பார்த்து ஆபரேட்டர் அடுத்த மிஷினை ஓட விடுவார், பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கொட்டகையில் இருப்பது ஒரே மிஷின். 1000 அடி ரீல் ஓடுவது சுமார் 11 நிமிடம், அப்படியென்றால் இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கிட்டத்தட்ட 14 ரீல். அவற்றை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றினாலும் மூன்று நான்கு தவணையாகத்தான் ஓட்ட முடியும். ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் விளக்கைப் போட்டுவிடுவார்கள், உடனே கடலை மிட்டாய்த் தட்டும் சோடா கிரேட்டும் உள்ளே வந்துவிடும்.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கொட்டகையில் ஆபரேட்டர் அண்ணன், பையன்களை மிஷின் ரூம் வாசலில் நிற்க விடுவார். உள்ளே அப்படி ஒரு சூடு. பென்சில் கனத்தில் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிராக இருக்கும், அவற்றின் நுனிகளுக்கு நடுவே எரிகிற வெளிச்சம்தான் திரையில் படமாக விழுகிறது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, பக்கத்தில் பதித்திருக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், அண்ணன் திருகைத் திருப்பித் திருப்பி நெருக்கிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் போதும், திரையில் மஞ்சள் பூத்துவிடும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். கரண்ட் எட்டாத ஊர்களில் இவ்வளவையும் ஆயில் எஞ்சினை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். நடிகர்களின் பெயர்களை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறோம், அந்த வெக்கையில் வருஷக்கணக்கில் நின்றவர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒருவரைத் தெரியும் என்றால் இந்த வாரமே போய்ப் பேசிப் பதிவு செய்யுங்கள், அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது.

பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி வீட்டிலேயே படம் காட்டினோம் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்களா?
வாசகி, பரமக்குடி

நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பையன்கள் அதைச் செய்திருப்பார்கள். படம் அறுந்தால் ஆபரேட்டர் கிழிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டுவார். அந்தத் துண்டு பிலிம்தான் எங்களுக்குச் சொத்து, கோலிக்கும் தீப்பெட்டிப் படத்துக்கும் மாற்றிக்கொள்வோம், அதில் ஹீரோ முகம் இருந்தால் விலை அதிகம். பல்பின் அடிப்பக்கத்தை மெதுவாகத் தட்டி உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். அறையை இருட்டாக்கி, வெயிலில் ஒரு பையனைக் கண்ணாடியோடு நிறுத்தி, கதவு இடுக்கு வழியாக வெளிச்சத்தை உள்ளே அடிக்கச் சொல்ல வேண்டும். அந்த வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவில் பிலிமைத் தலைகீழாகப் பிடித்து, பல்பிடம் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் எதிரே கட்டிய வேட்டியில் படம் நேராக, பெரிதாக விழும். வெளியே நிற்கிற பையனுக்குத்தான் கஷ்டம். சூரியன் நகர நகர அவனும் கண்ணாடியைத் திருப்ப வேண்டும், அதனால் அவனுக்கு அடுத்த காட்சி இலவசம் என்று பேசித்தான் நிறுத்துவோம். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், பல்பை உடைக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டில் முதலில் கொட்டகை போட்டது யார்?
வாசகர், திருப்பூர்

முன்னோடி என்றால் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான், கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர், 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-ல் அவர் கோவையில் நிலையாகக் கட்டியதுதான் வெரைட்டி ஹால். அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

பெண்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்களே, அது அவர்களை ஒதுக்கி வைத்ததுதானே? இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது?
வாசகி, மதுரை

நியாயமான கேள்வி. தடுப்புச் சுவர் வைத்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் என் அம்மாவும் தெருப் பெண்களும் சோறாக்கி இறக்கி வைத்துவிட்டு, ஆண் துணை யாரையும் கேட்காமல் கூட்டமாகக் கிளம்பிப் போன ஒரே ராத்திரிப் பயணம் இரண்டாம் ஆட்டம்தான். தனிப் பக்கம் என்று இருந்ததால்தான் வீட்டில் தடை சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, படத்தில் வருகிற மாமியாரை வாய்விட்டுத் திட்டுவார்கள், அழுகை வந்தால் அழுவார்கள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் அம்மா அப்படிச் சிரித்திருப்பாரா என்று கேட்டால், மாட்டார்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒன்று சொல்லியிருக்கிறார்: தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமா கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்போ அந்தஸ்தோ அல்ல, டிக்கெட் வாங்கும் காசு. காசு பிரித்தது, ஆணும் பெண்ணும் பிரிந்து உட்கார்ந்தார்கள், எல்லாம் சரி. ஆனால் தேர் நிற்கும் தெருவிலும் டீக்கடையிலும் தள்ளி நிற்க வைக்கப்பட்டவர்கள் அதே மணலில் சமமாக உட்கார்ந்தார்கள் என்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியாது.

அத்தனை கொட்டகைகளும் எங்கே போயின?
வாசகர், திண்டிவனம்

உரிமமே குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், கீற்றுக் கூரை என்பதால் தீ பயமும் எப்போதும் உண்டு. 1979-ல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். நினைவுகளை இனிப்பாக மட்டும் பேசுகிறபோது அதையும் மறக்கக் கூடாது. அப்புறம் டி.வி. வந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கியது, எண்பதுகளில் கிராமங்களுக்கும் வந்துவிட்டது, கூடவே வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் வாடகை டெக்கும் வந்தது. திருவிழாவில் விடிய விடிய நாலு படம் சும்மா பார்க்க முடிகிறபோது மணலில் உட்கார யார் காசு கொடுப்பார்கள்?

தாத்தா சேர்த்து வைத்த பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட மனசில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், காரைக்குடி

தயவு செய்து எடைக்குப் போடாதீர்கள். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் அந்தச் சின்னப் புத்தகங்கள், பிரிண்டே மிஞ்சாமல் போன எத்தனையோ படங்களுக்குச் சாட்சி. யார் நடித்தார்கள், யார் பாட்டு எழுதினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிச் சேர்த்ததுதான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. முதலில் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அதுவரை கிழிந்த பக்கங்களில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்களை மெதுவாக எடுத்துவிட்டு, தரையில் படாமல் ஈரமில்லாத அலமாரியில் படுக்க வைத்துவிடுங்கள். டிரங்குப் பெட்டியில் திரும்பப் போட வேண்டாம்.