தொற்றுநோய் பரவும்போது ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எப்படித் தயாராகிறார்கள்? மற்ற நாட்களில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். தருமபுரி மாவட்டத்தில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். மரத்தடியில் பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கும் ஏதோ ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இப்படிக் கேட்டிருப்பீர்கள். அப்படி நிற்கும் நேரத்தில்தான் எங்கள் தயாரிப்பு முழுவதும் நடக்கிறது.

நோய் எங்கள் வண்டியில் பெயர் சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியபோது, இன்ன நோய் என்றே தெரியாத நிலையில் நோயாளியைக் கவனித்த பேராம்பிரா செவிலியர் லினிக்கும் அது தொற்றியது. அவர் இறந்துபோனார். அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கையுறை. காய்ச்சலோடு இருமல் என்றால் முதல் முகக்கவசம் நோயாளிக்கு, என்95 எங்களுக்கு. ஏசியை உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்று வரும்படி வைப்போம். வயிற்றுப்போக்கு என்றால் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்பும் தண்ணீரும். மஞ்சள்காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடித்திருக்க வேண்டும். இதில் எதையும் நோய் பரவிய பிறகு தொடங்க முடியாது.

2020 ஏப்ரல் முழுக்க கொரோனா தொற்றே பதிவாகாத மாவட்டமாகக் கிருஷ்ணகிரி இருந்தது. அந்த வாரங்களில் அங்கே வேலை பார்த்த நண்பர்களும் இங்கே நாங்களும் கவச உடையைக் கழற்றப் பழகினோம். உடையைப் போடுவது எளிது. கழற்றும்போதுதான் வெளிப்பக்கத்துக் கிருமி கைக்கும் கழுத்துக்கும் வருகிறது. ஒரு கையுறையை மணிக்கட்டருகே வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அதை மற்றக் கைக்குள் சுருட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு வெறும் விரலை மற்றக் கையுறையின் விளிம்புக்கு உள்ளே விட்டு, முதல் கையுறையையும் சேர்த்து மூடியபடி இழுக்க வேண்டும். அதன்பின் அங்கி, கண்ணாடி, கடைசியாக முகக்கவசம். அதையும் பின்பக்கத்து வாரைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வண்டி ஓட்டும் எங்கள் பைலட் அண்ணன் நான்கடி தள்ளி நின்று, "கை... இப்போது அங்கி... மறுபடியும் கை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். வியர்வையில் கண் எரியும்போது நம் ஞாபகத்தை நாமே நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

2021 மே மாதம் பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு மலையோர ஊரிலிருந்து மூச்சுத்திணறலோடு ஓர் அம்மாவை ஏற்றினோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பது சதவீதத்தைச் சுற்றி நின்றது. வண்டியிலிருக்கும் பி வகை ஆக்சிஜன் உருளையில் ஏறத்தாழ 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம் வரும். சாலைக்கு இவ்வளவு, மருத்துவமனை வாசலில் வரிசைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். அந்த நாட்களில் வாசல் வரிசை சாலையைவிட நீளம். மகன் பின்னால் ஏறத் துடித்தார். வேண்டாம் தம்பி, வேறு வண்டியில் வந்து சேருங்கள் என்று தடுத்தேன். அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் ஏற்றியிருக்க மாட்டேன்.

அவரை ஒப்படைத்துவிட்டு வண்டியைச் சுத்தம் செய்தோம். முதலில் சளியையும் வாந்தியையும் துடைத்தெடுக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் வேலை செய்யாது. கிருமிநாசினியான 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் 1 சதவீதம். அதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் கம்பி, பெல்ட் கொக்கி, கதவுக் கைப்பிடி என்று துடைத்துப் பத்து நிமிடமாவது ஈரமாக விட வேண்டும். ஹைப்போகுளோரைட் அரிக்கும் உலோகப் பாகங்களுக்கு 70 சதவீத ஆல்கஹால்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒருவர் வந்து, "வீட்டில் ஆள் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறார், இங்கே வண்டி கழுவுகிறீர்களா?" என்று கத்தி, அலைபேசியில் படம் பிடித்தார். அவர் தவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வீட்டுக்கு வேறு வண்டி போய்க்கொண்டிருந்தது. எங்கள் வண்டியில் அடுத்து ஏறியவர் பிரசவ வலியில் இருந்த ஒரு பெண். துடைக்காத ஸ்ட்ரெச்சரில் அவரைப் படுக்க வைத்திருக்க வேண்டுமா? அந்தக் காட்சி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி என் மனைவிக்கே வந்து சேர்ந்தது. அதில் "சும்மா நிற்கிறார்கள்" என்று எழுதியிருந்தது.

எல்லா வண்டியிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் இருக்கும் வண்டியைப் பற்றி மட்டுமே சொல்கிறேன். கவச உடைக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்களையும் பார்த்தவன்தான்.

கேட்டதற்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொப்பூர் கணவாயில் நாங்கள் சைரன் போட்டு இறங்கும்போது, விலகிய லாரிகளுக்கிடையே எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் கார்கள் இருக்கின்றனவே, அவற்றை ஓட்டுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த இறக்கத்தில் நாங்கள் பிரேக் அடித்தால் உங்கள் கார் எங்கே வந்து இடிக்கும்? உள்ளே பின்கதவை ஒட்டி, நோயாளியின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பது நான்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்து, அந்தக் கவலையில் கேட்டிருந்தால் ஒன்றைச் செய்யுங்கள். 108க்கு அழைக்கும்போது காய்ச்சல் எத்தனை நாளாக, இருமல் உண்டா, சமீபத்தில் வெளியூர் போய்வந்தார்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் வண்டி வராதோ என்று பயந்து பலர் "லேசான மயக்கம்" என்று மட்டும் சொல்கிறார்கள். சொன்னாலும் வருவோம், உடையைப் போட்டுக்கொண்டு வருவோம். வாசலில் நின்று போடும் நேரம் உங்களுக்கு மிச்சம்.